குளக்கட்டில் ஒரு கிழட்டு நாய்

அஸர் தொழுது, வெயில் தணிந்த பிறகு வளவின் படலையைத் திறப்பேன். முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்குமுன்னே நாய் தெருவில் நிற்கும். இப்போது முன்னங்கால்களை ஊன்றி, பின்பக்கத்தை மெல்லத் தூக்கி, ஒருதரம் தள்ளாடித்தான் நடக்கத் தொடங்குகிறது. வயது 13. கண்ணில் வெண்படலம். தண்ணீரூற்றிலிருந்து வயல்வெளியைக் கடந்து குளக்கட்டு வரை போய், மஃரிபுக்கு முன் திரும்புவது எங்கள் வழக்கம்.

கட்டில் மேயும் மயில்கள் இப்போது இதற்கு வழிவிடுவதில்லை. உடும்பைக் கண்டால் பற்றைக்குள் பாய்ந்த நாய் இது. போன வாரம் ஓர் உடும்பு எங்கள் முன்னாலேயே ஆறுதலாக வழியைக் கடந்து போனது. இன்னொரு மாலை, மருத மரத்தடியில் ஒரு நரி நின்றது. நாய் மோப்பம் பிடித்தது, குரைக்கவில்லை. இரண்டும் சற்று நேரம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. பிறகு நரி காட்டுக்குள் போயிற்று. நாய் என் காலடிக்கு வந்தது.

“நானா, இனி இது என்னத்துக்கு உதவும்? காட்டுக்கரையில கொண்டுபோய் விடுங்களன்” என்றார் அயலவர் ஒருவர். அவர் ஈரமற்றவரல்லர். அவர் பேச்சில் ஒரு நியாயமும் இருந்தது. காவலுக்கும் மந்தைக்கும் வேட்டைக்கும் நாய் வைத்திருக்க மார்க்கம் இடம் தருகிறது. காவல் முடிந்தால் அந்த இடமும் முடிந்ததுதானே?

அன்று பதில் சொல்ல முடியவில்லை. மனம் வேறெங்கோ போய்விட்டது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். முல்லைத்தீவு முஸ்லிம்களும் அதில் அடங்குவர். எனக்கு அப்போது 11 வயது. வாப்பா மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். நாய் சந்தி வரை பின்னால் ஓடி வந்தது. 2009இல் இதே வன்னியின் தமிழ் மக்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போனபோது, அவர்களுடைய படலைகளிலும் இப்படி நாய்கள் நின்றிருக்கும்.

ஹோமரின் ஒடிசியில் ஆர்கோஸ் என்றொரு கிழநாய் வருகிறது. 20 ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பும் எசமானை அடையாளம் கண்டு, வாலை ஆட்டிவிட்டு அது செத்துப்போகிறது. நாங்களும் ஏறத்தாழ அத்தனை ஆண்டுகளுக்குப் பின்னர்தான் திரும்பினோம். காப்பியத்தில் நாய் காத்திருக்கலாம். ஊர்நாயின் ஆயுள் அவ்வளவு காலம் நீளாது. வீடிருந்த இடத்தில் காடு நின்றது. தறப்பாள் கொட்டிலில் நாங்கள் படுத்த இரவுகளில் பன்றியையும் பாம்பையும் குரைத்துக் காட்டியது, பின்னர் குட்டியாக வந்துசேர்ந்த இந்த நாய்தான்.

அன்று நாயைக் கைவிட்டோம் என்று சொல்வது சரியல்ல. தெரிவே எங்களிடம் இருக்கவில்லை. இன்று அது என் கையில் இருக்கிறது. அதனால்தான் இது என்னை உறுத்துகிறது.

13ஆம் நூற்றாண்டின் ஷாபிஈ அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம், மனிதர் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைப் பேசுமிடத்தில், முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் அவற்றுக்குத் தீனி கொடுப்பது கடமை என்கிறார். பிராணிகளைப் பற்றிப் பொதுவாகச் சொன்னதிலிருந்து நாயை மட்டும் விலக்க எனக்கு நியாயம் தெரியவில்லை. நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவச் சொல்லும் சட்டம் என் தொழுகையின் சுத்தத்தைப் பற்றியது. அதன் வயிற்றைப் பட்டினி போட அது எனக்கு அனுமதி தரவில்லை.

போட்ட சோறு காவலுக்கான கூலி, கணக்குத் தீர்ந்துவிட்டது என்றும் வாதிடலாம். அதற்கு மறுமொழியை நான் அந்த நரியிடம்தான் கண்டேன். நரி நம்மிடம் எதையும் கேட்கவில்லை. அதன் வழியில் நில்லாமல், அதன் காட்டையும் தண்ணீரையும் விட்டுவைத்தால் போதும். நாய் அப்படியல்ல. எத்தனையோ தலைமுறைகளாகக் காட்டைவிட்டுப் பிரித்து, நம் கையைப் பார்க்கப் பழக்கியவர்கள் நாமே. நரியைத் தன்பாட்டில் விடுவது நீதி. நாயை அதே காட்டில் விடுவது கொலை. காட்டுக்கும் அது தீங்குதான்: விசர்நோய் நாய்க்கும் நரிக்கும் பொது; ஆட்காட்டி தரையில்தான் முட்டையிடுகிறது. ஆகவே தடுப்பூசியும் கழுத்துக் கயிறும்கூட என் கடமையில் சேரும்.

இதை இரக்கம் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கொடுக்கவேண்டியதைக் கொடுப்பவன் கொடையாளி ஆகிவிடமாட்டான்.

இன்று திரும்பும்போது பாதி வழியில் அது உட்கார்ந்துவிட்டது. மஃரிப் பாங்கு கேட்கிறது. ஜமாஅத் தவறிவிடும், வீட்டில் தொழுதுகொள்ளலாம். அது எழும்பும்வரை கயிற்றைத் தளரவிட்டுப் பக்கத்தில் நிற்கிறேன்.