கொல்லை மண்ணில் கிடக்கும் இரும்பு

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்கு ஏறும் பாதையில், விதுராவைக் கடந்தபின் கல்லாறு வருகின்றது. ஆற்றுக்கும் ஊருக்கும் பெயர் ஒன்றே. அத்தகைய மலையடிவாரத்தில் கொல்லை கொத்துவோனுடைய மண்வெட்டியில் உருண்டைக் கல் தட்டுப்படுவது இயல்பு. அதை அங்கு இட்டவர் எவருமிலர். மலையிலிருந்து நீர் உருட்டிக் கொணர்ந்தது. அதே மண்வெட்டியில் துருவேறிய ஆணியோ, புட்டிச் சில்லோ, கம்பித் துண்டோ தட்டுப்படுமாயின், அது ஒருவர் கையிலிருந்து விழுந்தது. பாத்தி கட்டுவோனுக்கு இரண்டும் ஒரே இடையூறுதான். ஆனால் சேதனையே கன்மம் என்று பகவன் உரைத்ததை ஏற்றுக்கொண்ட நமக்கு, கல்லுக்கும் ஆணிக்கும் உள்ள வேறுபாடு ஒரு வினாவை எழுப்புகின்றது. நான் போடாத இரும்பை நான் ஏன் பொறுக்கவேண்டும்?

இவ்வினாவை வீண் வினாவென்று தள்ளுதற்கில்லை. நம்மிற் பலருடைய முன்னோர்க்கு ஊரார் விட்டுவைத்த இடம் குப்பைமேட்டின் ஓரமும் புறம்போக்கின் மூலையுமேயன்றோ? பிறர் எறிந்ததை அள்ளுவதே பிறவிக் கடமையென்று விதிக்கப்பட்டதனாலன்றோ அவ்விதியை உதறி நாம் தன்மத்தைச் சரணடைந்தோம்? ஆதலின், “பிறர் குப்பையை நீ பொறுக்கு” என்று பௌத்தர் ஒருவர் மற்றொருவர்க்குச் சொல்லுமுன் சற்றே தயங்கவேண்டும்.

இவ்வினா மிகக் கடுமையாய் எழுந்த இடம் ஈழத்து வன்னி. 2009 மே மாதத்தில் போர் முடிந்து, முகாம்களிலிருந்து மக்கள் தத்தம் காணிகளுக்குத் திரும்பியபோது, கத்தரியும் மிளகாயும் விளைந்த வளவுகளில் அவர்கள் கண்டவை எறிகணைச் சிதறல், தோட்டாக் கோது, முட்கம்பி, பதுங்குகுழியின் தகரம். இறுதி மாதங்களில் பெண்கள் தம் சேலைகளைக் கிழித்து மண்மூட்டை தைத்தனர். அச்சேலைகளின் இழையும் அம்மண்ணிற் கலந்தது. இவற்றோடு வெடியாத குண்டுகளும் மிதிவெடிகளும் கிடந்தன. பழைய இரும்புக்கு விலையுண்டு. வேறு வருவாயற்றோர் அவ்விரும்பைத் தேடித் தோண்டினர். குண்டைப் பிளந்து உலோகத்தைப் பிரிக்க முயன்றோர் உயிரையும் கையையும் இழந்ததுண்டு. ஒருவேளை அரிசிக்காகத் தோண்டியவனைப் பேராசைக்காரன் என்று பழிப்போர்க்கு அவன் பசி தெரியாது.

ஒன்றைக் கூசாது சொல்லவேண்டும். அம்மண்ணில் வெடி புதைத்தவர் இருதிறத்தார். அரசின் படையும் புதைத்தது, புலிகளும் புதைத்தனர். அவ்வரசு தன் அரசமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்த அரசு. தமிழ் பேசும் பௌத்தராகிய நம்மை நோக்கி, “உங்கள் தன்மம் இதுதானா?” என்று அண்டை வீட்டார் கேட்பாராயின், அவருக்கு வாதத்தால் விடையளிக்க இயலாது. புத்தர் பெயரைச் சொல்லிக்கொண்டு புதைத்தாலும் மிதிவெடி மிதிவெடியே.

நம் மடங்களில் இதற்கு அடிக்கடி கூறப்படும் விடையொன்றுண்டு. பகவன் இராகுலருக்குப் பூமியைப் போலாகப் பயிலும்படி உபதேசித்தார். தூயதை இட்டாலும் தூய்மையற்றதை இட்டாலும் பூமி வெறுப்பதில்லை. ஆகவே பொறுத்துக்கொள்க, என்பர். இவ்வுபதேசத்தை இவ்விடத்தில் எடுத்தாள்வது பிழையென்பது என் துணிபு. அது இராகுலருடைய மனத்துக்குச் சொல்லப்பட்டது. எறிவோனுடைய கைக்குக் கொடுத்த அனுமதியன்று. அதே ஆசிரியர்தாம் பிக்குணிகளுக்கு விநயத்தில் இரு விதிகளை வகுத்தார். மலத்தையும் குப்பையையும் எச்சிலையும் சுவருக்கோ வேலிக்கோ அப்பால் எறியலாகாது என்பது ஒன்று. பயிர்ப் பசுமையின்மீது எறியலாகாது என்பது மற்றொன்று. சுவருக்கு அப்பால் எறிந்தது வழிப்போக்கர் ஒருவரின் தலையில் விழுந்ததும், பக்கத்து வயலின் பயிர்மேல் குப்பை கொட்டப்பட்டதும் இவ்விதிகள் பிறந்த வரலாறு. இத்தகைய சிறு செயலுக்கும் விதி வகுத்தவர், பூமி பொறுக்கும் என்று குப்பை எறிவோனை விட்டுவிட்டார் என்பது பொருந்துமா?

இதனினும் நெருங்கிய உவமை அம்பு தைத்தவன் கதையிலுள்ளது. எய்தவன் யார், அவன் எக்குலத்தான், வில் எம்மரத்தாலானது என்று அறியும்வரை அம்பைப் பிடுங்கவிடேன் என்பவன் இறந்துபடுவான். கொல்லையிற் கிடக்கும் இரும்பும் அத்தகையதே. குழந்தை அதன்மேல் ஓடுமுன் அதை எடுப்பது, எறிந்தவனுடைய கடனை நம் தலையில் ஏற்றுக்கொள்வதாகாது. நம் பிள்ளைக்காக நம் பாத்தியைச் சுத்திசெய்வது வேறு. பிறப்பின் பெயரால் ஊர்க் குப்பையை அள்ளச்செய்வது வேறு.

ஆயினும் இவ்வுவமைக்கும் எல்லையுண்டு. மிதிவெடி அகற்றுவோர்க்கு, புதைத்தவர் யார், எவ்வரிசையில் எத்தனை புதைத்தார் என்பதே முதலில் தேவை. வரைபடமிருந்தால் வேலை விரையும். இல்லையேல் மண்ணை அங்குலம் அங்குலமாய் அகழவேண்டும். நெடுங்காலம் போர்முனையாயிருந்த முகமாலை போன்ற இடங்களில் உலோகம் செறிந்திருத்தலின், ஆணிக்கும் கோதுக்கும் கருவி ஓயாது ஒலிக்கும். அத்தகைய மண்ணை நீண்ட பிடியுள்ள வாரியால் சிறிது சிறிதாகச் சுரண்டுகின்றனர். அவ்வேலையில் அவ்வூர்ப் பெண்கள் பலர் உளர். போரில் கணவரை இழந்தோரும் அவர்களுள் உண்டு. 2017இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்த இலங்கைக்கு 2028 ஜூன் வரை தவணையுண்டு. பெல்ஜியத்தில் 1914 முதல் 1918 வரை விழுந்த எறிகணைகளை உழவர் இன்றும் வயலோரத்தில் எடுத்துவைக்கின்றனர். படையினர் வந்து எடுத்துச் செல்கின்றனர். எய்தவன் யார் எனக் கேட்பது, அம்பைப் பிடுங்குவதன் ஒரு பகுதியாகவும் இருக்கக்கூடும்.

நம் சிறு கொல்லைகளுக்கு வருவோம். வெறும் இரும்புத் துரு செடிக்குப் பெருங்கேடன்று. துருப்பிடித்த ஆணி குத்தினால் வரும் இசிவுநோய்கூடத் துருவினாலன்று. மண்ணில் வாழும் கிருமியால் வருவது. அஞ்சத்தக்கது ஈயம். பழைய பாட்டரித் தகடு, தோட்டா, பழைய வண்ணப்பூச்சின் செதில் இவற்றால் அது மண்ணிற் சேர்ந்து, மேல்மண்ணிலேயே தங்கிவிடும். ஆண்டுகள் கழிந்தாலும் நீங்காது. கீரையிலும் கிழங்கிலும் ஒட்டிய மண்ணின் வழியே அது குழந்தைகளின் உடலிற் புகுந்து மூளையைத் தாக்கும். கத்தரி, வெண்டை போன்ற காய்களில் அது குறைவு. ஐயமுள்ள நிலத்தில் கீரையைத் தவிர்த்து, தூய மண்ணும் தொழுவுரமுமிட்டு மேடைப் பாத்தி கட்டலாம். பாட்டரி உடைத்து உருக்கிய இடமெனில் எதையும் பயிரிடாதிருத்தலே நன்று. சில்லு பொறுக்குகையில் மண்வெட்டியை விட முள்கரண்டி நல்லது; மண்புழுக்கள் அறுபடுவது குறையும். பிக்குவுக்கு நிலம் அகழ்தல் விலக்கு. இல்லறத்தார்க்கு அவ்விலக்கில்லையாயினும் அதன் காரணத்தை மறக்கவேண்டியதில்லை.

பொறுக்கிய இரும்பை என் செய்வது? வேலிக்கு அப்பால் எறிவதற்கு விநயம் இடந்தரவில்லை. ஆழக் குழிதோண்டிப் புதைப்பதும் எறிவதே. பின்னர்க் கொத்தப்போகும் ஒருவன் காலில் அது தைக்கும். பழைய இரும்புக் கடைக்கு இட்டால் உருகி மீண்டும் பயன்படும். குண்டைப் போலத் தோன்றுவதைத் தொடாமல், அடையாளமிட்டு அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும்.

இனி, ஈயமுள்ள நிலமென்று அறிந்தே அதில் கீரை விளைத்து விற்பவன் செய்கை யாது? இல்லறத்தார்க்கு விலக்கிய ஐந்து வாணிகங்களுள் நஞ்சு வாணிகமும் ஒன்று. அறியாதவனிடம் சேதனையில்லை, ஆனால் அறிந்துகொள்ள விரும்பாமல் முகந்திருப்புவோனை அறியாதவன் வரிசையிற் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை. மனையை விற்பவனும் அப்படியே. கிணற்றில் எத்தனை அடியில் நீரென்று சொல்பவன், எந்த மூலையில் பாட்டரி உடைக்கப்பட்டது என்பதையும் வாங்குவோனுக்குச் சொல்லக் கடமைப்பட்டவன். சொன்னால் விலை குறையும். வாங்க வந்தவர் திரும்பிப் போதலும் கூடும்.