யார் பிணை நிற்பது?

பல்லேகலையில் கைத்தொழில் பேட்டையும் உண்டு, சிறைச்சாலையும் உண்டு. 1876இல் கட்டப்பட்ட போகம்பறைச் சிறை 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டபோது, அங்கிருந்த கைதிகள் பல்லேகலைக்கே கொண்டுவரப்பட்டனர். படிப்பை இடைநடுவில் விட்டு, தோட்டத்து லயத்திலிருந்து வேலை தேடி இறங்கிவரும் ஓர் இளைஞன் இவ்விரண்டில் எந்த வாசலுக்குப் போய்ச் சேர்வான் என்பது அவனுடைய குணத்தை மட்டுமா பொறுத்தது?

பெரியவர்கள் இளையோருக்கு வழிகாட்ட வேண்டும் என்கிறோம். பெரும்பாலும் அதற்குப் பொருள் அறிவுரை. அறிவுரைக்கோ நம்மிடையே பஞ்சமில்லை. பரிசளிப்பு விழாவுக்கு வருபவர் அரைமணி நேரம் வழங்குவார், பிள்ளைகள் வெயிலில் நின்று கேட்பார்கள். ஏழைப் பிள்ளைக்கு இல்லாதது அவனுக்காகப் பேச ஓர் ஆள். வசதியுள்ள வீட்டுப் பையன் வேலைக்குப் போனால், மாமாவின் சிநேகிதர் ஒருவர் "அவன் நம்முடைய பிள்ளை" என்று ஒரு சொல் சொல்லிவைப்பார். அந்தச் சொல் சான்றிதழிலும் கனமானது.

புனித டொன் பொஸ்கோ 1841இல் குருவாகித் துரின் நகருக்கு வந்தபின், புனித யோசேப் கபாசோவுடன் சிறைகளுக்குச் சென்றார். விடுதலையான பையன்களே மீண்டும் உள்ளே வருவதைக் கண்டார். வெளியே அவர்களை விசாரிக்க எவருமில்லை என்பதே காரணம் என உணர்ந்தார். பிரசங்கத்தோடு அவர் நிற்கவில்லை. தொழில் பழகும் பையன்களுக்காக எசமானரோடு எழுத்தில் உடன்படிக்கை செய்தார். 1852ஆம் ஆண்டின் உடன்படிக்கை ஒன்று இன்றும் இருக்கிறது. ஓடாவி பையனைச் சொல்லால் திருத்தலாம், கைநீட்டக் கூடாது, தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கக் கூடாது, திருநாட்களில் ஓய்வு. பையனின் நன்னடத்தைக்குத் தாம் துணைநிற்பதாக டொன் பொஸ்கோவும் அதில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்.

அப்போது அவருக்கு முப்பத்தாறு வயதுதான். நம் பங்குகளில் உள்ள இளைப்பாறிய ஆசிரியரிடமும் தாதியிடமும் மேசனிடமும் அதைவிடக் கூடிய முதல் இருக்கிறது. நாற்பது வருடம் சேர்த்த நற்பெயர். பிணைநின்ற பையன் களவெடுத்தால் அந்தப் பெயர் கெடும் என்ற பயம் நியாயமானதே. ஆனால் பூட்டிவைத்த பெயர் எவருக்கு உதவும்? கண்டியில் 1972இல் சத்யோதயத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் அடிகள், 2017இல் காலமானார். சிங்களவரும் தமிழரும் ஒன்றாக வாழ இடம் அமைத்தும், தோட்ட மக்களுக்காகப் பேசியும் எழுதியும் தம் பெயரைச் செலவிட்டவர் அவர்.

இன்னொரு ஆபத்தும் உண்டு, அதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். பிணைநின்றவர் மெல்ல மெல்ல எசமானாகிவிடுவார். "நான் ஆளாக்கிய பையன்" என்று ஊர் முழுக்கச் சொல்வார். விவிலியத்தில் வரும் குரு ஏலி கண்பார்வை மங்கியவர், தம் சொந்தப் பிள்ளைகளைத் திருத்த முடியாதவர். ஆயினும், இரவில் சிறுவன் சாமுவேல் மூன்று தரம் ஓடிவந்தபோது, அழைத்தது தாமல்ல என்று சொல்லி விலகிக்கொள்ள அவருக்குத் தெரிந்திருந்தது. காலையில், தமக்கே எதிரான செய்தியை ஒளிக்காமல் சொல்லும்படி அவனைக் கேட்டார்.

"ஐயா, நீங்கள் அனுப்பிய இடத்தில் சம்பளம் ஒழுங்காகத் தருவதில்லை" என்று நம் பையன் ஒருவன் வந்து நின்றால், பெரியவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வாரா, நன்றி கெட்டவன் என்பாரா?