மரத்துக்கு மரம் சரியாகுமா?

நம் கடைவீதிகளில் மரத்தைப்பற்றிப் பேச்சு வந்தால், பெரும்பாலும் அது முறையீடாகவே வருகிறது. கிளை பெயர்ப்பலகையை மறைக்கிறது, சருகு சாக்கடையை அடைக்கிறது, வேர் நடைபாதையைப் பெயர்க்கிறது என்பார்கள். இவை பொய்யல்ல. உளுத்த மரம் ஆள்மேல் விழுமுன் அதை அகற்றத்தான் வேண்டும். ஆனால், "ஒன்றை வெட்டி ஒன்றை நட்டால் கணக்குத் தீர்ந்தது" என்கிறார்களே, அதை வியாபாரிகளாகிய நாம் ஒப்புக்கொள்ளலாமா? ஒரு மூட்டை அரிசி கடன் வாங்கியவர், படி அரிசியைப் பையில் கட்டி, "மூட்டைக்கு மூட்டை" என்று நீட்டினால் வாங்குவோமா?

தைப்பிங் ஏரிப் பூங்காவில், சாலையைத் தாண்டி ஏரி நீரைத் தொடும் தூங்குமூஞ்சி மரங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஈயம் தோண்டிய பள்ளங்களே அந்த ஏரிகள். மரங்கள் 1884-ல் வைத்தவை. அமெரிக்கக் கண்டத்து இனம்; நம் முன்னோரைப்போலக் கடல் கடந்து வந்து இங்கே வேரூன்றியது. நட்டவர் எவரும் இன்றைய நிழலைக் கண்டவரல்லர். அப்படியொரு மரம் போனால், போவது நூற்று நாற்பது ஆண்டுகள்.

இக்கணக்கை அறிந்தவர்கள் ரப்பர்த் தோட்டக்காரர்கள். 1877-லேயே கோலகங்சாரில் ரப்பர் நட்ட மாநிலமல்லவா நம் பேராக்! 25, 30 ஆண்டாகிப் பால் குறைந்த மரத்தை அவர்கள் தயங்காமல் வெட்டினார்கள். ஆனால் கன்று பால் தர ஐந்தாறு ஆண்டாகும் என்பதால், பகுதி பகுதியாகவே மறுநடவு செய்தார்கள். நஷ்டம் தம்முடையதாகையால், காத்திருக்கும் காலத்துக்கும் கணக்கு வைத்தார்கள். தெருமரத்தின் நஷ்டம் யாருடையது? சுமை தூக்குபவர், பஸ்ஸுக்கு நிற்கும் கிழவி, பள்ளிப்பிள்ளை. கணக்கெழுதும் இடத்தில் இவர்கள் இல்லை.

தோட்டங்கள் பல இன்று தாமான்களாகிவிட்டன. அங்கும் சரி, ஈப்போ நகரிலும் சரி, கடைவாசல் மரம் கடைக்காரருக்குச் சொந்தமில்லை. அதன் நிழல் வழிப்போக்கரின் ஹக்கு. ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. நட்டவரே உண்ண வேண்டுமென்ற நிபந்தனை அதில் இல்லை.

ஆகவே, மரம் தளர்வது தெரிந்ததுமே, வெட்டும் நாளுக்குக் காத்திராமல் அருகில் கன்று வைக்கும்படி மாநகர் மன்றத்தைக் கேட்போம். வீதி முழுவதையும் ஒரே நாளில் மொட்டையடிக்க வேண்டாமென்றும் கேட்போம். வெயிலில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்பார்கள். காலையில் வாசல் கழுவ எடுக்கும் தண்ணீரில் ஒரு வாளி போதும்.