முதல் தாண்டலும் திருவருளும்

தம்புராவின் சுருதியில் குரலைச் சேர்த்து, ஹம்ஸத்வனி ராகத்தில் ‘வாதாபி கணபதிம்’ என்று வித்துவான் தொடங்கிய மாத்திரத்திலேயே சபை முழுவதும் நிமிர்ந்து உட்காருமாயின், அந்தச் சோபை பல்லாண்டு சாதகத்தின் பலனா, முயற்சிக்கு அப்பாற்பட்ட பிரசாதமா என்னும் வினா என்னை நெடுங்காலமாக ஆட்கொண்டிருக்கிறது.

இதை எண்ணும்போதெல்லாம் 1968-ஆம் ஆண்டு மெக்ஸிகோ ஒலிம்பிக் பந்தயத்தில் பாப் பீமன் செய்த நீளத் தாண்டலே என் மனக்கண்முன் நிற்கிறது. தகுதிச் சுற்றில் இருமுறை தவறி, மூன்றாம் வாய்ப்பில் தப்பிப் பிழைத்த அவர், மறுநாள் இறுதிப் போட்டியின் முதல் தாண்டலிலேயே 8.90 மீட்டர் சென்று மணலில் இறங்கினார். அளவுக் கருவியின் எல்லையையும் அது கடந்துவிட்டபடியால், நாடாவைக் கொண்டுவந்து அளக்க வேண்டியதாயிற்று. பழைய உலக சாதனையை 55 சென்டிமீட்டர் விஞ்சிவிட்டதை உணர்ந்ததும், அவர் கால் தளர்ந்து தரையில் சாய்ந்தார்.

உயர்ந்த அந்நகரத்தின் மெல்லிய காற்று துணைசெய்தது மெய்யே; ஆயினும் அதே காற்றில் தாண்டிய பிறருக்கு அது கிட்டவில்லை. சாதகத்தை நான் இகழவில்லை. பழகாத கால்களில் அருள் வந்து தங்க இடமேது? எனினும், அவரே இரண்டாம் முறை 8.04 மீட்டர்தான் தாண்டினார் என்பதைக் காணுங்கால், முதல் தாண்டலைத் தம் உடைமையென்று அவரும் கொள்ள இயலாது என்றே துணிகிறேன்.