பந்தும் படிப்பும்

1984ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி, அமெரிக்காவின் மயாமி நகரிலே, பொஸ்டன் கல்லூரி மாணவர் டக் புளூட்டி ஆட்டத்தின் இறுதி வினாடிகளில் ஒரு பந்தை எறிந்தார். (அந்நாட்டார் உதைபந்து என்றழைக்கும் அவ்விளையாட்டிற் பந்து பெரும்பாலும் கையிலேயே இருக்கின்றது!) நெடுந்தூரம் பறந்த அப்பந்தைத் தோழர் ஒருவர் ஏந்த, 47க்கு 45 என்ற கணக்கிற் கல்லூரி வென்றது. தொலைக்காட்சியில் நாடே அதைக் கண்டது. அடுத்த ஈராண்டுகளில் அக்கல்லூரிக்கு வந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது வீதம் பெருகின. இத்தகைய பெருக்கத்துக்குப் 'புளூட்டி விளைவு' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

கதையில் மிகை உண்டு. விண்ணப்பங்கள் அதற்கு முன்னரே ஏறுமுகமாகத்தான் இருந்தன. ஆயினும் முற்றும் பொய்யன்று. நடுத்தர அணியொன்று சிறந்த அணியாக உயரின் விண்ணப்பங்கள் 17 வீதத்துக்கு மேற் கூடும் என்று ஹாவார்ட் சர்வகலாசாலை ஆய்வாளர் ஒருவர் 2013இல் எழுதினார்.

நம்மை நெடுநேரம் சிந்திக்கச் செய்தது அதே ஆய்விலுள்ள வேறொரு கணக்கு. விளையாட்டின்றியே அத்தனை விண்ணப்பங்களை ஈட்டுவதற்குக் கட்டணத்தை ஏறத்தாழ நான்கு வீதம் குறைத்தாற் போதும். அல்லது ஐந்து வீதம் அதிக ஊதியம் பெறும் தகுதியுள்ள ஆசிரியரை அமர்த்தினாற் போதும். இவ்வளவுதான்! மூன்று வழிகளும் ஒரே தொகையினரை அழைத்துவரலாம். ஒரே மக்களை அழைத்துவருமா? கட்டணம் குறைந்தால், இதுவரை வாயிலை எட்டிப் பார்க்கவும் துணியாத தொழிலாளியின் மகன் விண்ணப்பிப்பான். ஆசிரியர் சிறந்தால், வந்தவன் கற்பான். பந்தாட்ட வெற்றியோ எவருக்கும் ஒரு பாடத்தையேனும் கூட்டித் தருவதில்லை. இடங்கள் கூடாதவிடத்துப் பெருகுவது மறுக்கப்படுவோர் தொகையே. அம்மறுப்பையும் கல்லூரி தன் பெருமையாகக் காட்டிக்கொள்கின்றது.

பதினேழு வயது இளைஞனை நாம் குறைகூறவில்லை. வகுப்பறையை அவனுக்கு எவரும் காட்டியதில்லை, காட்டப்பட்டது ஆட்டமே. வென்ற கூட்டத்தில் ஒருவனாக நிற்கும் ஆசை மனித இயல்பு. பாடசாலைப் பந்தயங்களில் நாமும் தொண்டை கட்டும்வரை கத்தியவர்களே. அவ்வாசையை விளம்பரச் சரக்காக்கிய நிருவாகத்தையே நாம் கேட்கின்றோம்.

பந்தெறிந்த மாணவனின் நிலை யாது? உபகாரச் சம்பளம் பெற்றான். ஆனால் தன் பெயரையும் படத்தையும் கொண்டு ஒரு சதமேனும் உழைக்க 2021 யூலை வரை அவனுக்கு அனுமதியில்லை. கல்லூரிகள் தம் விளையாட்டு வருமானத்தில் நேரடியாகப் பங்கு கொடுக்கத் தொடங்கியது 2025இலேதான். மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் அரச ஊதியம் பெறுவோருள் முதலிடத்தில் இருப்பவரோ விளையாட்டுப் பயிற்றுநர்.