வெண்பாக்கத்து ஊன்றுகோல்

மீஞ்சூருக்கு வடகாஞ்சி என்றொரு பெயர் உண்டு. காஞ்சியைப் போலவே ஏகாம்பரநாதருக்கும் வரதராசப் பெருமாளுக்கும் இங்கே கோயில்கள் இருப்பதால் வந்த பெயர் அது. இங்கிருந்து தெற்கே திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. இன்னும் தெற்கே தண்டையார்பேட்டையில் குணங்குடி மஸ்தான் சாகிபின் தர்கா. செல்வத்தை உதறிப் பித்தனைப் போலத் திரிந்தவர் ஒருவர். இறைக்காதலில் மயங்கியவர் என்பதாலேயே மஸ்தான் ஆனவர் மற்றவர். சிவனையே பித்தன் என்று அழைத்த சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும் ஒற்றியூரில்தான். பித்துக்கு இவ்வளவு பெருமை தந்த கரையோர மண் இது. ஆனால் நம் வீட்டுப் பிள்ளை ஒருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டால் கதவைச் சாத்திவிடுகிறோம். ‘காத்துக் கருப்பு’ என்கிறோம், ‘முன்வினை’ என்கிறோம். தெருவோ ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சொல்லிவிட்டுப் போகிறது. அறிவு கலங்கிய மனிதரிடம் மிஞ்சியிருப்பது என்ன, அவருக்கு நாம் பட்ட கடன் என்ன என்பது அடிப்படையில் ஒரு சமயக் கேள்வி. தத்துவ நூல் எதுவும் எழுதாமல், தம் வேலையாலேயே அதற்குத் தெளிவான விடை தந்தவர் மருத்துவர் எம். சாரதா மேனன் என்று நான் கருதுகிறேன்.

இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படும் அவர் 1923-இல் மங்களூரில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் மனநல மருத்துவம் பயின்று, 1959-இல் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். 1961-இல் அதன் முதல் பெண் கண்காணிப்பாளர் ஆனார். 1978 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவர் வந்தபோது மனச்சிதைவு நோய்க்கான மருந்துகள் புழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. காதில் கேட்கும் குரல்களை மருந்து அடக்கியது. ஆனால் குரல் அடங்கிய பிறகும் அந்த மனிதர் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். குளிக்கச் சொன்னால்தான் குளிப்பார், யாரிடமும் பேசமாட்டார். அவரை மறுபடி ஒரு வீட்டுக்காரராக, வேலைக்காரராக, அக்கம்பக்கத்தாராக ஆக்குவது மாத்திரையால் மட்டும் ஆகிற காரியமல்ல. சாரதா மேனன் தம் வாழ்நாளைச் செலவிட்டது அந்த இரண்டாம் பாதிக்கு. உள்ளே அடைத்து வைப்பதைக் குறைத்து, புறநோயாளியாக வந்துபோகும் வழியைப் பெருக்கினார். மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் வர முனைந்து உழைத்தார். ஓய்வு பெற்ற பிறகு, 1984-இல், ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கி, மறுவாழ்வுப் பயிற்சியையும் குடும்பத்தாருக்கான வழிகாட்டலையும் சிகிச்சையின் அங்கமாக்கினார். 1992-இல் பத்மபூஷண் பெற்றார். 2021-இல் தமது 98-ஆம் வயதில் மறைந்தார்.

இந்த வாழ்க்கைக்கு அடியில் ஒரு தத்துவம் இருக்கிறது. அறிவே மனிதர் என்றால், அறிவு போனவரிடம் யாரும் மிஞ்சமாட்டார். பிறகு அவருக்குச் சோறும் கூரையும் போதும். சாரதா மேனனோ, கலங்கிய அறிவுக்குப் பின்னால் ஒருவர் காத்திருக்கிறார் என்ற நம்பிக்கையில் பயிற்சிப் பட்டறைகளை அமைத்தார். நம் சைவ சித்தாந்தமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய நான்கும் அந்தக்கரணங்கள். அவை உயிர் பயன்படுத்தும் கருவிகள்; மாயையில் தோன்றிய சடப் பொருள்கள். கருவி பழுதுபடும், உயிர் பழுதுபடாது. கண்ணில் புரை விழுந்தவரைப் பார்த்து அவர் ஆன்மாவே குருடாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. மனத்துக்கும் அதே நியாயம்தானே? மூளைக்கு மருந்து கொடுத்தால் ஆன்மாவை மறுத்ததாகிவிடும் என்று அஞ்சுவோருக்கு இந்தக் கோட்பாட்டிலேயே பதில் இருக்கிறது. மனம் சடமென்றால் அதைச் சடப் பொருளால் சீர்செய்ய முயல்வதில் எந்த நிந்தனையும் இல்லை.

இங்கே வினையை நம்புகிறவர் குறுக்கிடுவார்: செய்த வினைக்கு வந்த நோய், அனுபவித்துத்தானே தீர வேண்டும்? சுந்தரர் கதையை எடுத்துக்கொள்வோம். திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில், சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அதை மீறி எல்லை தாண்டியதும் பார்வை போனது. தண்டனை என்பதில் ஐயமே இல்லாத கதை இது. அடுத்து நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். தட்டுத் தடுமாறி வெண்பாக்கம் வந்து சேர்ந்தவருக்கு இறைவன் கொடுத்தது ஒரு ஊன்றுகோல். வெண்பாக்கத்துக் கோயில் இப்போது இருக்கும் பூண்டியில் இன்றும் அந்தச் சாமிக்கு ஊன்றீசுவரர் என்றே பெயர். பார்வையைப் பறித்தவனே கோலையும் நீட்டினான் என்றால், வழியில் நிற்கிற நமக்கு ‘அனுபவி’ என்று சொல்லும் உரிமை எங்கிருந்து வரும்? வினையின் கணக்கு யாருடையதோ அவரே பார்த்துக்கொள்ளட்டும். அந்தக் கணக்கில் ஒரு வரிகூட நமக்குத் தெரியாது. எதிரே ஒருவர் தடுமாறுவது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்ததற்குச் செய்ய வேண்டியதைத் தெரியாததைக் காட்டித் தட்டிக் கழிப்பது பக்தியாகாது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. கோயிலிலும் தர்காவிலும் தங்கிக் குணமானவர்கள் இருக்கிறார்கள். அதை மருத்துவம் மூடநம்பிக்கை என்று தள்ளுவது ஆணவமில்லையா? ஆணவம்தான். தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய, கடுமையான மனநோய் கொண்ட 31 பேரை மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கோயில் வேலைகளில் கைகொடுத்து, அச்சுறுத்தல் இல்லாமல், உறவினர் துணையோடு அங்கே இருந்ததே உதவியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. சாரதா மேனன் பட்டறையில் தர முயன்றதும் இதே வேலை, இதே மதிப்பு, இதே துணை. ஆனால் அதே நம்பிக்கையோடு ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களில் 28 பேர், 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் பற்றிய தீயில் உயிரிழந்தார்கள். சங்கிலியால் பிணைத்திருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. இரண்டு இடத்திலும் நம்பிக்கை இருந்தது. ஓரிடத்தில் கையில் வேலை இருந்தது, மற்றதில் காலில் விலங்கு இருந்தது. பின்னாளில் ஏர்வாடியிலேயே துஆ என்னும் வேண்டுதலோடு மருந்தும் சேர்ந்து கிடைக்க அரசு வழிசெய்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவிலும் தடை செய்கிறது.

அப்படியானால் மருத்துவமனை மட்டும் சுத்தமா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயர் வசைச்சொல்லானது சும்மா இல்லை. உயர்ந்த மதில், கூட்டம் நெரியும் வார்டு, ஒரு முறை விட்டுவிட்டுத் திரும்பி வராத உறவினர்கள் என்று அந்தக் காலத்து மனநல மருத்துவமனைகளும் ஒருவகைச் சங்கிலியாகவே இருந்தன. இந்தக் குற்றச்சாட்டு சாரதா மேனனின் பணியைச் சிறுமைப்படுத்தாது. அதன் அருமையைத்தான் காட்டுகிறது. மதிலுக்குள் அதிகாரம் செலுத்தும் நாற்காலியில் பதினேழு ஆண்டுகள் இருந்தவர், நோயாளியை மதிலுக்கு வெளியே கொண்டுபோவதையே தம் பணியாக நினைத்தார். ஆகவே கோயிலா ஆஸ்பத்திரியா என்ற வழக்கு எனக்குப் பொருட்டாகத் தோன்றவில்லை. எந்த இடமானாலும், அங்கே போனவர் நடக்கத் தொடங்குகிறாரா, கட்டுண்டு கிடக்கிறாரா என்பதே உரைகல்.

மீஞ்சூர்க் குடும்பம் ஒன்று பிள்ளைக்கு மந்திரித்த கயிறு கட்டினால் அதை அறுக்கச் சொல்லமாட்டேன். கயிறு கட்டிய அதே கையில் ராத்திரி மாத்திரையையும் வைக்க வேண்டும். ஊசி போடும் தேதியை வீட்டில் ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். காலையில் தண்ணீர்க் குடம் எடுப்பதோ கடைக்குப் போவதோ, அவருடையது என்று ஒரு வேலை இருக்க வேண்டும். சுந்தரருக்குக் காஞ்சியில் ஒரு கண் திரும்பியது, திருவாரூரில் மற்றது. அதுவரையிலான நெடுவழியை அவர் கடந்தது அந்தக் கோலை ஊன்றித்தான். பார்வை என்றைக்குத் திரும்பும் என்று நம் வீட்டுப் பிள்ளைக்கு நம்மால் வாக்குக் கொடுக்க முடியாது. கோலை இன்றைக்கே கொடுக்க முடியும்.