பன்னிரண்டு வயதுப் பாலன்

திருவருகைக் காலம் தொடங்கியதும் நம் எண்ணமெல்லாம் தீவனத் தொட்டியைச் சுற்றியே நிற்கிறது. வைக்கோல் பரப்பி, பாலனைக் கிடத்தி, விளக்கேற்றி வணங்குகிறோம். அந்த வணக்கம் நல்லது. ஆனால் பிறப்பை விரிவாகச் சொன்ன லூக்கா, அதே அதிகாரம் முடியுமுன் அந்தப் பாலனைப் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக எருசலேம் ஆலயத்தில் அமர்த்திவிடுகிறார். நற்செய்தியாளர் நால்வரில் இயேசுவின் சிறுவர் பருவத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியைத் தந்தவர் அவர் ஒருவரே. வளர்ந்துவரும் பேரப்பிள்ளைக்கு நத்தார்ப் பரிசு தேடுகிற அம்மம்மாமாரும் அம்மப்பாமாரும் கடைக்குப் போகுமுன் அந்தப் பகுதியை ஒருமுறை மெதுவாக வாசிக்கலாம்.

பதினொன்று, பன்னிரண்டு வயது என்பது கடினமான வயது. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து, பள்ளிக்கூடம் மாறி, நண்பர்களும் மாறியிருப்பார்கள். போன வருடம் பொம்மைக் காருக்காக அழுத பிள்ளை இந்த வருடம், "அம்மம்மா, எனக்கு விளையாட்டுச் சாமான் வேணாம்" என்கிறது. வேறென்ன வேண்டும் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறது, இல்லையென்றால் போன் என்கிறது. மடியில் இருத்திக் கதை சொல்ல முடியாத அளவுக்கு வளர்ந்தாயிற்று. பெரியவர்களோடு இருந்து பேசும் அளவுக்கு நாம் இன்னும் இடம் கொடுக்கவில்லை. பரிசு தெரிவுசெய்வது இந்த வயதில் ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கிறதென்றால், பிள்ளை இப்போது யார் என்று நமக்கே சரியாகத் தெரியவில்லை.

மட்டக்களப்பில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கனமும் உண்டு. வாவியின் இரு கரையிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், வீடு பெண்பிள்ளைக்குப் போவது நம் வழமை. அதனால் மகளின் பிள்ளைகள் அம்மம்மாவின் முற்றத்திலேயே வளர்கிறார்கள். தாய்மார் பலர் வீட்டு வேலைக்கென்று மத்திய கிழக்கு நாடுகளுக்குப் போன பிறகு, அந்த முற்றம் முழு வீடாகவே ஆகிவிட்டது. நத்தாருக்கு முன் வெளிநாட்டுப் பெட்டி வந்து சேரும். அதற்குள் சப்பாத்து, கைக்கடிகாரம், வாசனைச் சவர்க்காரம், சொக்லேட் எல்லாம் இருக்கும். தன் பிள்ளையைத் தொட முடியாத ஒரு தாயின் கண்ணீரும் அதற்குள் இருக்கும். அந்தப் பெட்டியை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன். அதற்குப் போட்டியாக அம்மம்மா ஒன்றையும் வாங்கத் தேவையில்லை. தூரத்தில் இருப்பவர் பொருளை அனுப்பலாம். அருகில் இருப்பவரிடம் வேறொரு செல்வம் இருக்கிறது.

அந்தச் செல்வத்தின் பெறுமதியை இந்த மண் துயரத்தின் வழியாகக் கற்றது. 2004ஆம் ஆண்டு, நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் 26 ஞாயிறு காலையில் கடல் எழுந்து கல்லடி, திருச்செந்தூர், நாவலடிப் பக்கமெல்லாம் புகுந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மண்ணில் ஓட இடம் இருக்கவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பள்ளி முடித்து வெளியே வந்து நின்ற பிள்ளைகள் பலரை அன்று இழந்தோம். இந்த இரண்டு நாட்களையும் நெஞ்சில் சுமக்கும் ஊரில், பிள்ளை நம்மோடு இருப்பதே முதற் பரிசு என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவையெல்லாம் அந்தப் பரிசுக்கு நாம் செலுத்தும் நன்றி.

நன்றியோடு கொடுப்பது எப்படி என்று ஞானிகள் காட்டுகிறார்கள். பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று மூன்று பொருட்களையும் நினைவில் வைத்திருக்கிறோம். அவர்கள் செய்ததன் ஒழுங்கை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மத்தேயு சொல்கிறபடி, அவர்கள் வீட்டுக்குள் போய், பிள்ளையைக் கண்டு, விழுந்து வணங்கி, அதன் பிறகே பேழைகளைத் திறந்தார்கள். முதலில் பார்த்தார்கள், அடுத்து மதித்தார்கள், கடைசியில் கொடுத்தார்கள். நாமோ பிள்ளையைப் பாராமலே கடையைப் பார்க்கப் புறப்பட்டுவிடுகிறோம்.

ஆலயத்தில் இருந்த போதகர்களும் அதே வழியில்தான் நடந்தார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் வந்து நடுவில் இருக்கிறான். அவர்கள் அவனை விரட்டவில்லை, விளையாடப் போ என்று சொல்லவில்லை. அவன் கேள்வி கேட்க இடம் கொடுத்து, அவன் பதிலையும் காது கொடுத்துக் கேட்டார்கள். பாஸ்கா விழாவுக்கு வந்த இடத்தில் அவனுக்குக் கிடைத்த பரிசென்று ஒன்றைச் சொல்வதானால், அந்தக் காதுகளைத்தான் சொல்ல வேண்டும். மூன்று நாள் தேடிக் களைத்து வந்த தாயிடம் அவன் கேட்பதும் ஒரு கேள்விதான். லூக்கா பதிவுசெய்யும் இயேசுவின் முதல் வார்த்தை அது. மரியாளுக்கும் யோசேப்புக்கும் அதன் பொருள் விளங்கவில்லை என்று நற்செய்தி மறைக்காமல் சொல்கிறது. விளங்காததையும் அந்தத் தாய் நெஞ்சில் வைத்துக் காத்தாள். வளரும் பிள்ளையை முழுதும் விளங்கிக்கொள்வது நம் கடமை அல்ல. அது சொல்வதைக் காத்து வைத்திருப்பது நம் கடமை.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், அவனுடைய விசுவாசம் முதலில் அவன் பாட்டி லோவிசாளிடம் இருந்தது என்கிறார். லோவிசாள் பேரனுக்கு என்ன பொருள் கொடுத்தாள் என்பது எங்கும் எழுதப்படவில்லை. கொடுத்தது நிலைத்தது என்பது மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. நம் ஊரிலும் அப்படி ஒருவர் உண்டு. 1814இல் கடலில் மனைவியைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாக மட்டக்களப்பில் வந்திறங்கிய மெதடிஸ்த ஊழியர் வில்லியம் ஓல்ட், இங்குள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தார். 1815 ஏப்ரலில் அவரும் மறைந்தார். ஒரு வருடம்கூட இங்கே வாழவில்லை. அவர் தொடங்கிய கல்விப் பணியிலிருந்து வந்த மெதடிஸ்த மத்திய கல்லூரி இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது. வயதானவர் கொடுக்கும் பரிசின் இயல்பும் இதுவே. காய்ப்பதைக் காண நாம் இருக்கமாட்டோம். ஆனாலும் நடுகிறோம்.

ஆகவே இந்த நத்தாருக்கு என் பேரப்பிள்ளைக்கு இரண்டு பரிசுகளைத் தெரிவுசெய்திருக்கிறேன். ஒன்று, ஒரு ரோச் லைட். மற்றது, ஒரு வாக்கு.

வாக்கு இதுதான். மாரி ஓய்ந்து, வாவி அமைதியான பின், சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய ஓர் இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியேறி, பாடும் மீனின் ஓசையை நாம் இருவரும் சேர்ந்து கேட்போம். மார்கழியில் மழையும் வெள்ளமும் வாவியைக் கலக்கிவிடும், இப்போது கேட்க இயலாது. துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, அதன் மறுமுனையில் காதை வைக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இந்த ஓசையைக் கேட்டு எழுதிவைத்தார். அது ஊரி என்னும் நத்தையின் ஓசை என்று அன்றைய மீனவர்கள் அவரிடம் சொன்னார்கள். 1954இல் இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவு செய்தார். மீனா, ஊரியா, வேறெதுவுமா என்று பிள்ளை என்னைக் கேட்கட்டும். எனக்கும் விடை தெரியாது. விடை தெரியாத ஒன்றின் முன் பாட்டியும் பேரப்பிள்ளையும் ஒரே தோணியில் சமமாக இருப்பதும் ஒரு வகை ஆராதனை.

ரோச் லைட் எதற்கென்றால், அன்றிரவு கரையில் எனக்கு முன்னால் நடந்து வழிகாட்ட வேண்டியது பிள்ளை. என் கண் மங்கிவிட்டது, அதன் கால் பலத்துவிட்டது. பிள்ளையாய் இருந்தது போதும், இனி உன்னை நம்பி ஒருவர் நடப்பார் என்று அந்தச் சிறு விளக்கு சொல்லும். பள்ளி ஒளிவிழாவில் எத்தனையோ முறை மெழுகுதிரி ஏந்தி நின்ற கைக்கு, உண்மையான இருட்டில் உண்மையான ஒருவருக்கு வெளிச்சம் காட்டும் பொறுப்பு வந்துசேரட்டும்.

வாக்கைப் பரிசாகக் கொடுப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. பொருளைக் கொடுத்தால் அன்றோடு கடன் தீரும். வாக்கைக் கொடுத்தால் அதைக் காப்பாற்றும்வரை நாம் கட்டுண்டிருக்கிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை எதையும் மன்னிக்கும், மறந்துபோன வாக்கை மட்டும் எளிதில் மன்னியாது. பெரியவர்கள் சொன்னதைச் செய்கிறார்களா என்று அது அளந்துகொண்டிருக்கும் வயது அது. நம்மிடம் அளந்த அதே கோலால்தான் நாளை கடவுளின் வாக்கையும் அது அளந்து பார்க்கும். அதனால் போகும் நாளைக் குறித்துவைத்து, தோணிக்காரரிடம் இப்போதே சொல்லிவைத்து, உடம்புக்கு முடியாமற்போனால் யார் கூட்டிப்போவது என்பதையும் பேசிவைத்திருக்கிறேன்.

உங்கள் பேரப்பிள்ளைக்குத் தோணியும் வாவியும் பொருந்தாமல் போகலாம். வயல்வெளியில் ஒரு நாள், சமையலறையில் உங்கள் கைப்பக்குவம் ஒன்று, இதுவரை யாருக்கும் சொல்லாத குடும்பக் கதை ஒன்று, எதுவாகவும் இருக்கட்டும். தெரிவுசெய்யுமுன் ஒரே ஒரு கேள்வியை உங்களிடம் கேளுங்கள்: இதைக் கொடுத்தபின் பிள்ளை அறைக்குள் தனியே போய்விடுமா, என்னருகில் வந்து இன்னொரு கேள்வி கேட்குமா? கேள்வி கேட்க வரும் என்றால் அந்தப் பரிசு பொருத்தமானது. கொடுத்துவிட்டு, கேட்க ஆயத்தமாக இருங்கள்.